ஆர்க்டிக் கடலும் அண்ணையின் ஐஸ் தண்ணியும்

இரண்டாயிரங்களின் நடுவில் நான் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் அண்ணை வீட்டில் இருந்துகொண்டு ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். ஆர்க்டிக் கடலில் வலைபோட்டு எடுத்த சிற்றுயிர்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து இனம்பிரித்து எண்ணவேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே பலசரக்குக் கடை போட்டிருந்த அண்ணைக்கு ஒருநாள் அவற்றில் ஒன்றின் படத்தைக் காட்டினேன்.

"இறால் குஞ்சோ?"

"இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். அரிசியிலும் சின்னன்."

"சமைக்க ஏலுமோ?"

"ஏலாது."

"பிறகேன் எண்ணுறாய்?"

அத்தோடு என் விஞ்ஞானம் அந்த வீட்டில் முடிந்தது.

ஒரு கோடையில், ஆர்க்டிக்குக்குக் கப்பலில் போகவிருந்தவர் கால் முறிந்து படுக்க, என்னை அனுப்பினார்கள். முதல் நான்கு நாளும் கடலிலிருந்து நான் எடுத்ததைவிட அதற்குக் கொடுத்ததுதான் அதிகம். ஐந்தாம் நாள் வாந்தி நின்றதும், வாளியில் அள்ளிய கடல்நீரில் வெப்பமானியை வைத்தேன். அந்த இடத்துக்கு இருக்கவேண்டியதைவிடச் சூடு கூடவாக இருந்தது.

"கருவியில் பிழை," என்றார் எங்கள் ஆங்கிலேயத் தலைவர். சொன்னது கருவியை, பார்த்தது என்னை.

அன்று கப்பல் தொலைபேசியில் அண்ணையிடம் புலம்பினேன்.

"இதுக்கேன் அழுறாய்? கவுன்சில்காரன் கடையைச் சோதிக்க வரேக்கை நான் ஃப்ரிட்ஜ் தெர்மோமீட்டரைச் சோதிச்சுக் காட்டுறனான். ஒரு கிளாஸ் நிறைய ஐஸை இடிச்சுப் போட்டு, கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கு. அதுக்குள்ளை வை. பூச்சியம் காட்டினா நல்ல சாமான். இல்லாட்டி எறி."

இரண்டு பட்டம் வாங்கிய எனக்கு இது தோன்றவில்லை என்பதைச் சத்தம் போடாமல் எழுதிவிடுகிறேன். கடல் ஐஸில் உப்பு இருக்கும், உதவாது. ஆகவே சமையலறைக்குப் போய்க் கேட்டேன். வடதுருவத்துக்குக் கிட்ட வந்து ஒருத்தி ஐஸ் கேட்கிறாளே என்று சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வெப்பமானி பூச்சியம் காட்டியது. தலைவர் தானும் இரண்டுதரம் வைத்துப் பார்த்தார். "ம்ம்," என்றார். ஆங்கிலேயரிடம் அது ஒரு முழு மன்னிப்புக் கடிதம்.

பிறகு வலையை இழுத்தோம். அந்த இறால் சொந்தங்களில், வடக்குக் குளிரில் வாழும் கொழுத்த இனம் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருந்தது. தெற்கே சூடான தண்ணீரில் வாழும் மெலிந்த இனம் குடும்பத்தோடு வந்து குடியேறியிருந்தது. அவையும் என் பக்கம்தான் சாட்சி சொல்லின.

நான் சொன்னது சரி என்ற சந்தோசத்தில் அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். கடல் உண்மையாகவே சூடாகிவிட்டதே என்ற பயம் அடுத்த நாள்தான் வந்தது.