குப்பைக்குப் போன உப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. என் அக்கா. அக்காவின் கணவர். நான்கு பேருக்கும் கண் இருந்தது.

மனைவி ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டுக் குடித்தாள். சில மாதமாகவே அப்படித்தான். ஊறுகாய் தீர்ந்தால் பாட்டிலின் அடியில் கிடக்கும் தண்ணீரையும் குடிப்பாள். ஆள் இளைத்துக்கொண்டே போனாள். கறுத்தும் போனாள். உள்ளங்கை ரேகைகூடக் கறுப்பு.

"என்ன மச்சான், பொண்டாட்டிய வெயில்ல காயப் போட்டியா? கருவாடு மாதிரி ஆயிட்டா," என்றார் அக்காவின் கணவர்.

"இவ்வளவு உப்பு தின்னா வேற எப்படி இருக்கும்? அப்பா பிரஷர்ல போனத மறந்துட்டியாடா?" என்றாள் அக்கா.

"நிறுத்த முடியலக்கா," என்றாள் மனைவி.

"வாயக் கட்டுனா முடியும்லா."

அன்றே வீட்டிலிருந்த உப்பைக் குப்பையில் போட்டேன். நல்லது செய்வதாக நினைப்பு. அவள் மறுபடி வாங்கி வந்தாள். மறுபடி போட்டேன். அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். அதையும் தேடி எடுத்தேன். அவள் சண்டை போடவில்லை. தெம்பு இல்லை.

ஒரு மத்தியானம். பண்டார் தெங்காரா ஊர்ப் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை முடிந்து வந்தேன். குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கிட்னிக்கு மேல ரெண்டு சுரப்பி இருக்கு. அது வேலை செஞ்சாதான் உடம்புல உப்பு தங்கும். இவங்களுக்கு அது படுத்துருச்சு. எழுந்திரு எழுந்திருன்னு மூளை விடாம ஆள் அனுப்புது. அந்த ஆள், அதான் ஒரு ஹார்மோன், கூடிப்போய்த்தான் தோல் கறுத்துருக்கு. உப்பு வேணும்னு கேக்கறதும் மூளைதான். கேட்டப்ப குடுத்தீங்களா?"

"இல்ல. தூக்கிப் போட்டேன்."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பிழைத்துவிட்டாள். ஆயுசுக்கும் மாத்திரை. கறுப்பு குறைந்துவிட்டது. அக்காவின் கணவர் பார்க்க வந்தார். "அட, வெளுத்துட்டியே," என்று சிரித்தார். வெளியே போகச் சொன்னேன். அக்கா அழுதாள். அழட்டும். பேசியது அவர்கள். தூக்கிப் போட்டது என் கை. அந்தக் கையோடுதான் தினமும் சாப்பிடுகிறேன்.

வார்டில் கண் விழித்த அன்று அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மொத்தம் எத்தனை பாக்கெட் போட்டீங்க?"

பதிலை இப்போதுதான் எழுதுகிறேன்.

ஏழு.