அண்ணியின் சமையல் மேடை

சேவூர் வீட்டு அடுக்களைச் சுவரில் அண்ணி கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். செங்கல் கட்டு முடிந்து பூச்சு வேலை தொடங்காத நேரம். முழங்கையை மடித்து நின்று, அதற்கு ஒரு சாண் கீழே இழுத்து, "மேடை இவ்ளோ ஒசரம் போதும்மா. அடுப்பு வேற மேல வருது. இன்னும் தூக்குனா தோள தூக்கிகினே தான் கிளறணும்" என்றார். அண்ணி நாலரை அடிக்கு ஓர் அங்குலம் கூடுதல் இருந்தால் அதிகம். நான் அப்போது ஆரணியில் ஒரு கட்டட இன்ஜினியர் ஆபீஸில் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். அண்ணன் வீட்டு அடுக்களையை வரைந்து கொடுக்கும் பொறுப்பு தங்கையான என்னுடையது. டேப் வைத்து அளந்தேன். இருபத்தெட்டு அங்குலம். அப்படியே குறித்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. வேலூரில் ரெடிமேட் அலமாரிகளைப் பார்த்து வைத்திருந்தார். அவை முப்பத்துநாலு அங்குல மேடைக்கு அடியில் நிற்பவை. "குட்டி மேடைன்னு வர்றவங்க சிரிப்பாங்க. எல்லார் வீட்லயும் எப்படி கீதோ அப்படியே வை" என்றார். சமைக்கிறவர் உயரத்துக்குத்தான் மேடை என்பது ஆபீஸில் நான் கற்ற முதல் பாடம். ஆனாலும் அழித்து எழுதினேன். அண்ணனிடம் வாதாட மனமில்லை; அந்த அலமாரிகளின் பளபளப்பு எனக்கும் பிடித்திருந்தது. கிரானைட் பலகை ஏறிய பிறகுதான் அண்ணி வந்து பார்த்தார். "கொத்தனாரு மாத்திட்டாரு அண்ணி" என்றேன். அவர் அந்த மனிதரைத் திட்டவில்லை. "அவருக்கென்ன, அவரா இங்க நின்னு சமைக்கப் போறாரு" என்றதோடு விட்டுவிட்டார்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அடுக்களையை வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். அண்ணி ஒரு மரப்பலகையின் மேல் ஏறி நின்று பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பலகை அங்கேயே தங்கிவிட்டது. அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே அதைக் காலால் தள்ளித் தள்ளிச் சமைத்தார். நான்காவது வருடம் ஒரு காலையில், கஞ்சி வடிக்கப் பானையைத் தூக்கித் திரும்பியபோது பலகை வழுக்கியது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பாத்து நிக்கக் கூடாதா?" என்பதுதான். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

புண் ஆறியது. மூன்று விரல்கள் மட்டும் நிமிரவில்லை. வீட்டுப் பட்டுத்தறியில் அண்ணன் உட்கார்ந்தாலும், புடவையின் முந்தி எப்போதும் அண்ணியின் கைவேலைதான். அதன் பிறகு இழையைத் தொட்டால் சொரசொரத்த தோலில் பட்டு சிக்கியது. ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு எழுந்தவர் மறுபடி தறியில் உட்காரவில்லை.

இன்று நானே தனியாகப் பிளான் போடுகிறேன். யார் வந்தாலும், சமைக்கிறவரை முதலில் அழைத்து வரச் சொல்வேன். அவரை நிற்க வைத்து, முழங்கையை மடிக்கச் சொல்லி, அடுப்பின் உயரத்தையும் கழித்துத்தான் அளவு எடுப்பேன். இவ்வளவு அக்கறையாக யார் கேட்கிறார்கள் என்று பெண்கள் மெச்சும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

போன தை மாதம் அண்ணன் மகனுக்குக் கல்யாணமானது. மருமகளுக்காக அடுக்களையை இடித்துக் கட்டினார்கள். அளவெடுக்கப் போயிருந்தேன். அண்ணன் வெளியே போன சமயம், எத்தனையோ வருடமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். கொத்தனார் எதையும் மாற்றவில்லை, நான்தான் மாற்றினேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அண்ணி என்னையே பார்த்தார். "நீ தான் மாத்துனன்னு அப்பவே தெரியும். சின்னப் பொண்ணு, உனக்கு வெவரம் தெரியலன்னு தான் இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன். தெரிஞ்சே தான் செஞ்சியா?" என்றார்.

அவர் எழுந்து போய்க் காபி கலந்துகொண்டு வந்தார். "எடுத்துக்கங்க" என்று டம்ளரை நீட்டினார். அதுவரை அவர் என்னை ஒருமுறைகூட 'ங்க' போட்டுப் பேசியதில்லை. இப்போது எப்போது போனாலும் அப்படித்தான் பேசுகிறார்.