வெள்ளைக்கால் பெட்டை

மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் வளர்ந்த கருப்பு நாட்டுப்பன்றிகளுக்கு நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். எந்தத் தேதியில் எந்தப் பெட்டை ஈன்றது, எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது என்று எழுதுவேன். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. காலை நடைக்குப் போகிறவன் பார்த்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

பன்றிகளை வளர்த்தவர் என் வயதொத்த ஒரு பெண்மணி. வருடத்துக்கு ஒருமுறை தன் கடாப்பன்றியை அடையாற்றங்கரையில் இருந்த அக்காவிடம் கொடுத்து, அங்கிருந்து வேறு கடாவை வாங்கி வருவார். ஒரே கடா இருந்தால் அது தன் மகளோடேயே சேரும், குட்டிகள் நோஞ்சானாகும் என்பார். மரபணு வேறுபாடு பற்றி நான் படித்த புத்தகங்கள் பல பக்கங்களில் சொன்னதும் இதைத்தான்.

அக்கா இருந்த ஆற்றங்கரைக் குடிசைகளை அப்புறப்படுத்தியபோது அந்தக் கடா மாற்று நின்றது. அது மார்கழி. நான் சபா சபாவாக அலைந்துகொண்டிருந்தேன். கரைப்பக்கம் போகவே இல்லை. சீசன் முடிந்து கரைக்குப் போனபோது, முன்னங்கால் இரண்டும் வெளுத்த ஒரு பெட்டைக்குட்டி புதிதாக நின்றது. வெள்ளைச் சீமைப்பன்றியோடு சேர்ந்து பிறந்தது போலும் என்று நினைத்து, 'கலப்பு' என்று எழுதினேன். அவரைக் கேட்கவில்லை.

பிறகு ஈத்துக்கு ஈத்து குட்டிகள் குறைந்தன. கரையில் பன்றி வைத்திருக்கக் கூடாது என்று நோட்டீஸும் வந்தது. நாட்டு இனங்களைக் காக்கும் ஒரு பண்ணைக்கு நான் கடிதம் எழுதினேன். இளம் பெண் டாக்டர் ஒருவர் உதவியாளருடன் வந்தார். நான்கு பன்றிகளுக்குத்தான் அங்கே இடம் இருந்தது.

"அந்த வெள்ளைக்கால மொதல்ல ஏத்தும்மா" என்றார் பன்றிக்காரப் பெண்மணி. "எங்க அக்கா ஆட்டோல போட்டு அனுப்புனது. மத்ததெல்லாம் ஒரே அப்பன் புள்ளைங்க."

டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். "கலப்புன்னு போட்டிருக்கே?"

"அது என் ஊகம். அந்தச் சமயம் கச்சேரி சீசன், நான் இங்க வரல."

"இன்னா சார், நீ கச்சேரில குந்திக்கினு இருந்தா என் பன்னி சீமப்பன்னி ஆயிடுமா?"

உதவியாளர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "கலப்ப உள்ள விட்டா அங்க இருக்கிறதும் கெட்டுடும்மா. ரத்தம் எடுத்துட்டுப் போறேன். ரிசல்ட் சரியா இருந்தா, இப்ப ஏத்துறதுல ஒண்ணத் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டு இதக் கூட்டிப் போறேன்."

வெள்ளைக்காலின் காதிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். கருப்பில் நான்கை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முடிவு வருவதற்குள் மாநகராட்சியின் பன்றி பிடிக்கும் வண்டி வந்து, மிச்சம் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. வெள்ளைக்கால் அப்போது தலையீத்துக்கு நிறைசினை.

சில வாரம் கழித்து டாக்டர் போன் செய்தார். அது கலப்பில்லை, சுத்த நாட்டுப்பன்றி. பண்ணைக்குப் போன நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கிய ரத்தம். அது மட்டும் வேறு வழி. "அந்த வழியில இன்னொண்ணு கிடைக்குமா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இதைச் சொல்லக் கரைக்குப் போனேன். அவர் காலிக் கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்ததான் நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். குரலில் கோபம் இல்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உன் நோட்ல இன்னும் அப்டியேதான் கீதா?" என்று கேட்டார்.

எழுதியதை அடிக்கும் வழக்கம் எனக்கில்லை. அந்தச் சொல்லின் கீழே அன்றைய தேதியிட்டு, 'இது தவறு. அடையாற்றுப் பெட்டை. அக்கா அனுப்பியது. இதைச் சொன்னவர் பன்றியை வளர்த்தவர்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"ஆட்டோலன்னு போட்டியா?"

சேர்த்தேன்.