சித்தப்பாவின் நல்ல பேன்கள்

ஊரில் எல்லாரும் பேன் பார்த்து எடுப்பார்கள், என் தம்பி மட்டும் தனி அறை போட்டு வளர்க்கிறான் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வராது. "அது தலைப்பேன் இல்லண்ணே, சிலந்திப்பேன். கெட்டதைத் தின்னுற நல்ல பேன்லா," என்பார். அப்பா இன்னும் கொஞ்சம் சிரிப்பார்.

பத்து காவான் என்ற ஊரில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுத்தான் சித்தப்பா இதில் இறங்கியிருந்தார். ஜார்ஜ் டவுனில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் இருந்த எங்கள் தெரஸ் வீட்டின் பின்னறை அவருடையது. ஒரு பக்கம் அவரைச் செடிகள். அவற்றில் சாற்றை உறிஞ்சும் கெட்ட பேன்கள். மறுபக்கம் வரிசையாகத் தட்டுகள். தட்டில் தண்ணீர், நடுவில் ஈரப் பஞ்சு, பஞ்சின் மேல் அவரை இலை. அந்த இலையில்தான் நல்ல பேன்கள் கெட்டவற்றைத் தின்று பெருகும். தண்ணீரைத் தாண்டி அவற்றால் ஓடிப்போக முடியாது. சித்தப்பா லென்ஸ் வைத்துக் காட்டுவார். செம்மஞ்சள் பொட்டு ஒன்று குடுகுடுவென்று ஓடும். பாலர் பள்ளிக்குப் போகிற வயதில் எனக்கு ஓடுவதெல்லாம் அழகு.

தாசேக் கெலுகோரில் ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் இவற்றைத் தன் செடிகளில் விட்டுப் பார்க்கச் சம்மதித்தார். செடி தேறினால் தொடர்ந்து வாங்குவார். இல்லையென்றால் அறையைக் காலி செய்துவிட்டு மறுபடியும் தொழிற்சாலைக்குப் போ என்பது அப்பாவின் கட்டளை. சித்தப்பா சில வாரங்கள் தோட்டத்திலேயே தங்கப் போய்விட்டார். "தண்ணி மட்டும் குறையாம பாத்துக்குங்க அண்ணி," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது அவர் வழக்கம். அதைச் சொல்ல மறந்துவிட்டார். அம்மா பழைய தண்ணீரைக் கொட்டாமல், குறைந்ததை மட்டும் மேலே ஊற்றி நிரப்பி வந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தார், பாவம்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. டிங்கிக் கொசுக்காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். சித்தப்பா தோட்டத்து மண் ஒட்டிய சட்டையோடு மோட்டார் சைக்கிளில் நேரே அங்கே வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு வேலை, அம்மா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். "செடியெல்லாம் துளிர் விட்டுடுச்சு பாப்பா. அவரு இன்னும் கேக்குறாரு," என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை.

அப்போது அம்மா போனில் அழைத்தார். டிங்கி கண்ட வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கொசுவுக்குப் புகை அடிப்பார்கள் அல்லவா, அந்த ஆட்கள் வாசலில் நிற்கிறார்களாம்.

"தம்பி, உங்க ரூமையும் தொறக்கச் சொல்றாங்க."

"ஐயோ, வேணாம் அண்ணி! புகை பட்டா எல்லாம் செத்துப் போயிரும். சாவி என்கிட்ட இருக்குன்னு சொல்லிடுங்க."

போனை வைத்த பிறகும் 'வேணாம், வேணாம்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அவரைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது.

"சித்தப்பா, உங்க தட்டுல எல்லாம் குட்டி போட்டிருக்கு. தண்ணியில நீந்துது."

"நீந்துதா?"

"ஆமா. தலைகீழாத் தொங்கும். தட்டைத் தட்டினா நெளிஞ்சு நெளிஞ்சு கீழ போயிரும்." விரலை நெளித்தும் காட்டினேன்.

சித்தப்பா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். "அண்ணி, மீட்டர் பெட்டி மேல இருக்குற சாவிய எடுங்க. தொறந்து விடுங்க. நல்லா அடிக்கட்டும்."

நான் வீடு திரும்பியபோது தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. நல்ல பேன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கெட்டவை புகையையும் தாங்கிக்கொண்டு அவரைச் செடி முழுக்க வலை பின்னியிருந்தன. என்ன அநியாயம்! மறுபடி வளர்க்கலாமே என்று அம்மாகூடச் சொல்லிப் பார்த்தார். சித்தப்பா செடிகளைப் பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கே போய்விட்டார். எதிலும் நிலைக்க மாட்டான் என்று அப்பா பேசியதையும் கேட்டுக்கொண்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த டிங்கிப் படத்தில், தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும் என் 'குட்டி'யைப் பார்த்தேன். என்னைக் கடித்த கொசு அந்தத் தட்டில்தான் பிறந்ததா, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியில் பிறந்ததா, யாருக்குத் தெரியும்? சித்தப்பாவிடம் அதைச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டால்கூட இன்றும் அவர்தான் முதலில் போன் செய்கிறார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நல்ல செய்தி சொல்லியிருக்கிறேன், கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சித்தப்பா கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து என் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"கூசுது சித்தப்பா," என்று காலை உதறினேன்.