நாலு அதிகாரம், நாலு வரி

செவ்வாய்க்கிழமை, காலை 6.30. நாகர்கோவில் சந்திப்பிலிருந்து திருவனந்தபுரம் போகும் பாசஞ்சர் வண்டி. தூரம் எழுபத்தொரு கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தோள்பையில் இரண்டு புடவை, சர்க்கரை மாத்திரை, ஒரு டப்பா இட்லி. மடியில் வேதப்புத்தகம். "கண் ஆசுபத்திரிக்குப் போறவளுக்கு இவ்வளவு பெரிய புத்தகம் எதுக்கு?" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார். "கண்ணைக் காட்டத்தானே போறேன், கழட்டிக் குடுக்கவா போறேன்?" என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

நான் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நாலு அதிகாரம் வாசிப்பேன். வருடம் முடிவதற்குள் முழு வேதமும் முடிந்துவிடும். பதின்மூன்று வருடமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காய்ச்சலிலும் வாசித்தேன், மகன் கல்யாணத்தன்று காலையிலும் வாசித்தேன். சபையில் யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். இந்த வருட வாசிப்பு முடிய இன்னும் நாற்பது நாள் பாக்கி.

எட்டு மாதம் முன்பு, வலது கண்ணில் எழுத்துகளுக்கு மேலே கறுப்பு நூல் ஒன்று மிதக்க ஆரம்பித்தது. கண்ணை அசைத்தால் அதுவும் நகரும். கொஞ்ச நாளில் அது நாலைந்து நூலாயிற்று, அப்புறம் புகைமூட்டம் மாதிரி ஒரு திரை. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். எனக்கோ அது வேதம் வாசிக்கும்போதுதான் பெரிதாகத் தெரிந்தது. அப்படியானால் அது யார் வேலை? சாத்தான் வேலைதான் என்று முடிவுகட்டிவிட்டேன். தினமும் காலையில் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இயேசுவின் நாமத்தில் அதை விலகிப்போகச் சொல்லிக் கடிந்துகொள்வேன். அது போகவில்லை. நானும் விடவில்லை.

குழித்துறையில் ஏறிய ஒரு அம்மா எதிரில் உட்கார்ந்தார். தினமும் வேலைக்குப் போய்வருகிறவர் போல, கையில் சீசன் டிக்கெட். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "புக்க மூக்குல ஒட்டி வச்சுல்லா வாசிக்கிய. கண்ணாடி மாத்தப்பிடாதா?" என்றார்.

"கண்ணாடியில ஒண்ணுமில்ல" என்றேன், வெடுக்கென்று.

"அப்பம் கண்ணுலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் பாறசாலை வருமுன்பே தூங்கிப்போனார். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று ஸ்டேஷன்கள் போயின. ஒன்றையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. கண் மங்கலில் விடியற்காலை இரண்டு அதிகாரம்தான் முடிந்திருந்தது, மூன்றாவதை முடிக்கவே திருவனந்தபுரம் வந்துவிட்டது.

காலை 8.40. திருவனந்தபுரம் சென்ட்ரல். வெளியே வந்தால் தம்பானூர், ஆட்டோக்கள், பஸ்களின் இரைச்சல். என் வீட்டுக்காரரின் தங்கை லில்லி வாசலிலேயே நின்றிருந்தாள். தம்பானூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை, மதியம் இரண்டு மணிக்குப் போனால் இரவுதான் வருவாள். அதுவரை என்னோடு வரத் தயாராக இருந்தாள். "மைனி, மெலிஞ்சு போனிய. வெள்ளிக்கிழமை உபவாசம் இப்பமும் உண்டா?" என்றாள். உண்டு என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன். கண் ஆசுபத்திரிக்கு மீட்டரில் அறுபத்திரண்டு ரூபாய்.

கண்ணில் சொட்டுமருந்து விட்டார்கள். அரை மணிக்கு ஒருமுறை வந்து மறுபடியும் விட்டார்கள். பதினொன்றரைக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவைச் சங்கிலி. விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சரே, இந்தக் கறுப்பு நூலு எத்தர நாளாயிட்டு உண்டு?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"எட்டு மாசம்."

"எட்டு மாசமோ! இத்தர நாள் எந்தா வராத்தது?"

ஏன் இத்தனை நாள் வரவில்லை என்கிறார், எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கடிந்துகொண்டதையும் சொன்னேன். அருகில் நின்ற நர்ஸ் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சாத்தான் இல்ல டீச்சரே. ஷுகர்."

கண்ணுக்குள் பின்பக்கம் ரத்தக்குழாய் பழுதாகி ரத்தம் கசிகிறதாம். மறுநாளே லேசர் செய்ய வேண்டும், மூன்று வாரம் கழித்து மறுபடியும். அந்த மூன்று வாரமும் குனிந்து உட்கார்ந்து வாசிக்கக் கூடாது. பட்டினி கிடக்கக் கூடாது, வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வலது கண் போய்விடும். இடது கண்ணும் அதே வழியில்தான் இருக்கிறது.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "நாப்பது நாள் கழிச்சு செய்யலாமா டாக்டர்? இந்த வருச வாசிப்பு முடிஞ்சிரும்."

"நாப்பது நாள் கழிஞ்சா கண்ணு இல்லாம டீச்சர் எந்து வாசிக்கும்?" என்றார் அவர். நாளை காலை வந்து பதில் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். லில்லிக்குக் கோபம்.

மதியம் 1.15. லில்லியின் வாடகை வீடு கிள்ளிப்பாலம் பக்கம், சாலை என்ற பெரிய கடைத்தெருவின் பின்சந்தில். கதவைத் திறந்ததும் மல்லியும் வத்தலும் கலந்த மொத்தக்கடை வாசனை உள்ளே வந்தது. சிவப்பரிசிக் கஞ்சியும் சிறுபயறும் வைத்துக் கொடுத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். நான் புத்தகத்தைத் திறந்தேன். மருந்து விட்ட கண்ணில் ஒரு எழுத்தும் நிற்கவில்லை, பக்கம் முழுவதும் வெள்ளையாகக் கூசியது. மூக்கில் ஒட்டிப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். ஊஹும். நாலாவது அதிகாரம் பாக்கி. பதின்மூன்று வருடத்தில் முதல்முறை. உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சத்தம் போட்டே அழுதேன்.

மாலை 6.40. லில்லியின் கணவர் செல்வராஜ் வந்தார். வள்ளியூர்க்காரர். அதே சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் கம்பி ஏற்றி இறக்கும் வேலை, இருபத்தெட்டு வருடமாக. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. குளித்துவிட்டு வந்து தள்ளி உட்கார்ந்தார். "கண்ணு எப்பிடி உண்டு அக்கா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஏன் பேசுவார்? பன்னிரண்டு வருடம் முன்பு இதே வீட்டில் குடியேறும் ஜெபம் நடந்தது. சபைப் போதகரான ஐயர் வந்திருந்தார், கடை முதலாளி வந்திருந்தார், கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குடும்பத் தலைவர் என்ற முறையில் செல்வராஜ் எழுந்து ஒரு சங்கீதம் வாசித்தார். நான் மூன்று இடத்தில் குறுக்கே புகுந்து உச்சரிப்பைத் திருத்தினேன், வகுப்பில் திருத்துவதுபோல உரக்க. மூன்றாவது தடவை அவர் புத்தகத்தை ஐயர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என் முன்னால் அவர் வாசித்ததே இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் பன்னிரண்டு வருடம் சும்மா இருந்தேன்.

"தம்பி, எனக்கு இன்னைக்கு ஒரு அதிகாரம் பாக்கி. கண்ணு தெரியல. நீங்க வாசிக்கிறீங்களா?"

"ஐயோ அக்கா, நான் வாசிச்சா செரியாவாது. லில்லி வரட்டும்."

"லில்லி வர ரொம்ப நேரமாகும்." நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் உங்களத் திருத்தினது என் தப்பு தம்பி. உங்க வீட்டுல, உங்க முதலாளி முன்னால. மன்னிச்சிருங்க."

"அதொக்க போட்டும் அக்கா, பழைய கதை" என்றார். பிறகு உள்ளே போய்த் தன் புத்தகத்தை எடுத்து வந்தார். அட்டை முழுவதும் துருக்கறை, கைரேகை.

என் அட்டவணைப்படி வந்திருக்க வேண்டிய அதிகாரம் வேறு. அவர் தனக்குத் தெரிந்த மேய்ப்பன் சங்கீதத்தைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். 'ழ' வராது, 'ள' என்றுதான் வரும். என் உதடு துடித்தது, கடித்துக்கொண்டேன். மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதம்தான், முழுதும் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அவரோ நாலு வரியில் நிறுத்திவிட்டார்.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?"

"எனக்கு தெனம் நாலு வரிதான் அக்கா. காலைல கடை ஷட்டர் தொறக்க முன்ன வாசிப்பேன். பின்ன லோடு எறக்கும்போ அதையே மனசுல இட்டு உருட்டிட்டே இருப்பேன். சாயந்திரம் வர அது மதி, அது போதும், கேட்டோ."

அந்த நாலு வரி அறைக்குள்ளேயே நின்றது. மேய்ப்பன் அந்த ஆட்டை விரட்டி ஓட்டுவதில்லை, புல்லுள்ள இடத்தில் மேயவிட்டு அமர்ந்த தண்ணீர் ஓரம் கொண்டுபோய் விடுகிறான். எத்தனை நூறு தடவை வாசித்திருப்பேன்! இது என் கண்ணில் படவே இல்லையே. பதின்மூன்று வருடமாக நான் நின்று மேயாத ஆடு. மேய்ப்பனுக்கு முன்னால் ஓடி, இன்றைக்கு இத்தனை மைல் ஓடினேன் என்று சபையில் கணக்குச் சொன்ன ஆடு.

"தம்பி, நாளைக்கு லேசர் செஞ்சிரலாம்" என்றேன்.

"நல்லது அக்கா" என்று அவர் கையைத் தலைக்கு மேல் கூப்பி ஸ்தோத்திரம் சொன்னார். எனக்காக அவர் ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

புதன்கிழமை, காலை 10.00. லேசர் இருபது நிமிடத்தில் முடிந்தது. ஊசி குத்துவதுபோல் இரண்டு மூன்று தடவை சுருக்கென்றது, அவ்வளவே. லில்லி கூடவே இருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுவேன் என்று டாக்டரம்மா என்னிடம் சத்தியம் வாங்காத குறை. மாலை வண்டியில் ஊர் திரும்பினேன்.

வியாழக்கிழமை, காலை 8.10. வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செல்வராஜ். பின்னால் சாலைத்தெரு சத்தம், கை வண்டிகள், யாரோ யாரையோ வழிவிடச் சொல்லிக் கத்துகிறார்கள். "அக்கா, கடை தொறக்க பத்து நிமிஷம் உண்டு. வாசிக்கட்டா?" நாலு வரி வாசித்தார். நான் ஆமென் என்றேன். மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். இரண்டாம் வாரத்திலிருந்து வீட்டுக்காரரும் தட்டைத் தூக்கிக்கொண்டு போன் பக்கம் வந்து உட்கார்ந்தார். நான் நாலு மணிக்கு எழுந்து வாசித்த காலமெல்லாம் இந்த மனிதர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார், நானும் எழுப்பியதில்லை. சர்க்கரை அளவு இறங்கியது. வெள்ளிக்கிழமைகளில் பகலிலும் சாப்பிட்டேன். அட்டவணைத் தாளில் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. முதல் வாரம் அதைத் தினமும் எடுத்துப் பார்த்தேன், பிறகு பார்ப்பதையே மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, மறுபடியும் செவ்வாய்க்கிழமை. அதே வண்டி, அதே இருபது ரூபாய். இந்த முறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். குழித்துறை ஆற்றில் தண்ணீர் நிறையப் போயிற்று. பாறசாலையில் பலகைகளில் எழுத்து மலையாளமாக மாறுவதைத் தெளிவாகப் பார்த்தேன். டாக்டரம்மா இரண்டாவது லேசரை முடித்துவிட்டு, ரத்தம் நன்றாகக் கரைந்துவிட்டது, கண் தப்பித்தது என்றார். "இனி டீச்சருக்கு வாசிக்கலாம். மணிக்கணக்கா குனியண்டா, அவ்வளவுதான்." அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

மாலை 5.20. தம்பானூர். லில்லி வேலையில் இருந்ததால் வழியனுப்ப செல்வராஜ் வந்திருந்தார், முதலாளியிடம் அரை மணி கேட்டு, கடைச் சட்டையோடு. சட்டை தோளில் துரு. எனக்கு ஒரு பாக்கெட் சுண்டல் வாங்கித் தந்தார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன், வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது.

"டாக்டரு எந்து சொன்னாங்க அக்கா?"

"நாளையிலருந்து வாசிக்கலாம்னு சொல்லிட்டாங்க தம்பி."

"தெய்வத்துக்கு ஸ்தோத்திரம்!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். அப்புறம் சட்டைத் தோளின் துருவைத் தட்டிக்கொண்டே கேட்டார். "அப்போ இனி காலைல போன் வேண்டா, அல்லே அக்கா?"

வண்டி ஊதியது. நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாசிக்கலாம்னுதான் சொன்னாங்க தம்பி. கேக்கக் கூடாதுன்னு சொல்லலியே."