பள்ளிக்கு வந்துருங்கண்ணே

பள்ளிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று என் மாமாவைக் கேலி செய்யாத ஆளே எங்கள் வீட்டில் கிடையாது. போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களில் மலையாளம் கலந்து பேசுகிற நம் ஆட்கள் தேவாலயத்தைப் பள்ளி என்பார்கள். கீழே போடியில் எங்களுக்கு அது கோயில். பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கிற இடம். இந்த ஒரு சொல்லில் கோட்டை விட்டு, மாமா ஒருமுறை ஜீப் நிறைய வாத்தியங்களை ஆளில்லாத இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது.

மாமா என் அம்மாவின் தம்பி. மெட்ராசுக்கு வெல்டிங் படிக்கப் போய், வெல்டிங்கோடு கிட்டாரையும் படித்துக்கொண்டு வந்தவர். வந்த வேகத்தில் என் அப்பாவின் தோளில் ஒரு பேஸ் கிட்டாரை மாட்டினார். அப்பா ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறவர். அதிகம் பேசமாட்டார். தெருமுனை ஜீப் டிரைவர் அண்ணனுக்கு எதையாவது தட்டிக்கொண்டே இருக்காவிட்டால் கை நமைக்கும். அவரை டிரம்ஸில் உட்கார வைத்தார்கள். மூன்று பேருமாகச் சேர்ந்து எரிகோ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜனங்கள் ஆர்ப்பரித்த சத்தத்தில் மதில் இடிந்து விழுந்த பழைய பட்டணத்தின் பெயர் அது. ராக் என்ற சொல் அன்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. டமடமா பஜனை என்றார்கள்.

பெயர் ராசியோ என்னவோ, ஓர் ஈஸ்டர் ஆராதனையில் மூன்றாவது பாட்டு உச்சத்துக்குப் போனபோது கோயில் கூரையிலிருந்து காரை பெயர்ந்து, சபையின் மிகப் பெரிய மனிதர் ஒருவரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவருக்குப் பெரிய காயம் ஒன்றும் இல்லை. மரியாதைக்குத்தான் காயம். அந்த வாரமே போதகர் கூப்பிட்டனுப்பினார். டிரம்மும் கரண்டு கிட்டாரும் இனி எந்தக் கோயில் வாசலையும் தாண்டாது என்று அப்பா எல்லார் சார்பிலும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அப்பா கொடுத்த வாக்கை மீறியதை நான் பார்த்ததில்லை. அன்றோடு எரிகோ முடிந்தது. வாத்தியங்கள் சாக்கில் சுற்றப்பட்டு எங்கள் வீட்டுப் பரணுக்குப் போயின.

ஆனால் மலைக்கு இந்தச் செய்தி போகவே இல்லை. முன்பெல்லாம் வருஷத்துக்கு நாலைந்து தடவை எஸ்டேட் லயத்து வீடுகளின் முற்றங்களில் வாசித்திருக்கிறார்கள். அங்கே கேட்டவர்களில் பாதிப்பேர் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள். இருந்தாலும் எரிகோ பாட்டு என்றால் உயிர். எரிகோ கலைந்துபோனதைச் சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்குகிறவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். ஒரு கை காப்பிக்கொட்டை, ஒரு பொட்டலம் ஏலம், மடியில் கட்டிய மிளகு என்று ஏதாவது கொண்டுவருவார்கள். "எப்பண்ணே மேல வர்றீக?" என்பார்கள். "வருவோம் ஆத்தா, சோலி கெடக்குல்ல" என்பார் மாமா. சும்மா அனுப்ப மனமில்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டையும் பாடிக் காட்டுவார். அம்மா சோறு வடித்துக்கொண்டே தாளம் போடுவாள்.

டிரைவர் அண்ணன் வேறு விதம். தினமும் ஆள் லோடு ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிறவர். எங்கள் பாட்டு ஒன்று உண்டு. "மேய்ப்பர் கூப்பிடுறார், ஆடே, கேக்குதா?" என்று மாமா பாடி நிறுத்துவார். டிரம்மும் நிற்கும். அந்த இடைவெளியில் கேட்கிறவர்கள் "கூ..." என்று பதில் கொடுக்க வேண்டும். ஏலக்காட்டில் சரிவுக்குச் சரிவு ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்கிற அதே கூவல். அதை வைத்தே மாமா கட்டிய பாட்டு. டிரைவர் அண்ணன் அந்தத் தாளத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரனில் அடித்துவிட்டு நிறுத்துவார். ஏலச்செடிகளுக்கு நடுவிலிருந்து, ஆள் தெரியாது, "கூ" மட்டும் வரும். சாயங்காலம் வந்து, "இன்னிக்கு ஏழெட்டு எடத்துல கூவுச்சுக மாப்ளே" என்று மாமாவிடம் சொல்வார். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அப்பாவுக்கு மட்டும் இதெல்லாம் எரிச்சல். "மூணு வருசமா ஒரு பாட்டுக் கெடையாது. நம்மள எவன் நெனைக்கப் போறான்? சந்தைக்கு வர்ற நாலு பேரு மொகத்துக்காகக் கேக்குறது" என்பார். ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாண பேண்டு செட்டுக்காரர் டிரம்மும் கிட்டாரும் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, கொடுத்துவிடலாம் என்று முடிவே கட்டிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மலையிலிருந்து ஓர் அக்கா வந்தது. ஏலம் பறிக்கிறது. எரிகோ பாட்டு ஒன்றுவிடாமல் மனப்பாடம். மாமா தன் பட்டறையில் இரும்புக் குழாயை அறுத்து யாருக்கோ ஆள் உயரச் சிலுவை ஒன்று செய்து முடித்து அனுப்பிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நானும் டிரைவர் அண்ணனும் பட்டறையில் இருந்தோம். அப்பா இல்லை. அக்கா உட்காரக்கூட இல்லை.

"கிறிஸ்மஸ் கழிஞ்ச சனிக்கெழமை, உச்சைக்கு, பள்ளிக்கு வந்துருங்கண்ணே. எல்லாரும் இருப்போம். சோறு எங்களுது" என்று சொல்லிவிட்டு, வெரசாப் போய் பஸ்சைப் பிடித்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் மாமா அப்பாவிடம் சொன்னார். "மச்சான், கிறிஸ்மஸ் முடிஞ்ச சனிக்கெழமை மத்தியானம் மேல கூப்புட்டுருக்காக."

அப்பா நிமிர்ந்தார். "எங்க? கோயில்லயா?"

"ச்சே, பள்ளிக்கூடத்துல மச்சான்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் அண்ணனுக்குப் புரை ஏறியது. அம்மா ஓடிப்போய் அவர் தலையில் தட்டினாள்.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "ஒரு தடவ வர்றேன். கூட்டம் வந்துச்சுன்னா வருசா வருசம் நானே ஒன்னய இழுத்துக்கிட்டுப் போறேன். வரலேன்னா திங்கக்கெழமை வாத்தியமெல்லாம் ராசிங்காபுரம் போயிரணும். சம்மதமா?"

மாமா சம்மதம் என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பரணில் ஏறி அந்த டிரம்மை ரகசியமாகத் தட்டிப் பார்ப்பதுதான் என் வாழ்க்கையின் ஒரே ஆடம்பரம்.

அரைப்பரீட்சை லீவு என்பதால் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். மெட்டு தாண்டியதும் பனி. வண்டிக்கு முன்னால் போகிறவனின் முதுகு தெரியவில்லை. டிரைவர் அண்ணன் அன்றைக்கு ஹாரனே அடிக்கவில்லை. அதுவே எனக்கு அபசகுனமாகப் பட்டது. எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒரு சரிவின் விளிம்பில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பூட்டியிருந்தது. முற்றத்தில் ஒரு ஜீவன் இல்லை.

மாமா சாமான்களை இறக்கினார். ஜீப் பேட்டரியில் மைக்செட்டை மாட்டினார். குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் கம்பத்தில் கட்டும்போது ஒரு வேலை செய்தார். முற்றத்தைப் பார்த்துக் கட்டாமல், முதுகைக் காட்டி, எதிரே பனி நிறைந்திருந்த பள்ளத்தாக்கைப் பார்த்துக் கட்டினார்.

"மாப்ளே, பனிக்கா பாடப் போற?" என்றார் அப்பா. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பேஸ் கிட்டார் உறைக்குள்ளேயே இருந்தது. மத்தியானம் ஆகி, மத்தியானமும் தாண்டியது. ஒருவரும் வரவில்லை. ராசிங்காபுரம் என்று அப்பா முகத்திலேயே எழுதியிருந்தது. மாமாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இடம் மாறி வந்துவிட்டோம் என்பது எனக்கு அப்போது தெரியாது. நம்மை மறந்துவிட்டார்கள், அப்பா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன்.

மாமா டிரைவர் அண்ணனைப் பார்த்தார். "வந்தது வந்தாச்சு. அடிங்கண்ணே" என்றார்.

கிட்டாரும் டிரம்மும் மட்டும் தொடங்கின. அந்தத் தகரக் கூரை அதிர்ந்தது. மாமா கண்ணை மூடாமல், கம்பியைப் பார்க்காமல், எதிர்ப்பனியையே பார்த்துக்கொண்டு பாடினார். "மேய்ப்பர் கூப்பிடுறார், ஆடே, கேக்குதா?" நிறுத்தினார்கள். அந்த இடைவெளியைப் போல ஓர் அவமானத்தை நான் அதற்குமுன் பட்டதில்லை. பொறுக்க முடியாமல் நானே "கூ" என்றேன். பூனைக்குட்டி கத்துவதுபோல இருந்தது. அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது தடவையும் ஒன்றும் இல்லை. மாமா விடவில்லை. மூன்றாவது சுற்றை எடுத்தார்.

அப்பா சட்டென்று எழுந்தார். "ரெண்டு பேரு வாசிச்சா பாட்டு நொண்டுதுடா" என்று திட்டிக்கொண்டே உறையைக் கழற்றி, வயரைச் சொருகி, தோளில் மாட்டினார். பேஸ் விழுந்ததும் தரை அதிர்ந்தது. நான் உட்கார்ந்திருந்த ஜீப் பானெட் அதிர்ந்தது. மூன்று பேரும் ஒரே மூச்சில் அந்த இடத்துக்கு வந்து நின்றார்கள்.

பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கூ" என்று ஒரு குரல் வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் இன்னொரு கூவல், அதன்மேல் இன்னொன்று, பிறகு எதிர்ச்சரிவு முழுக்க ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஒரே கூவல். எரிகோவின் மதில் எப்படி விழுந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. டிரைவர் அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்து நின்று அடித்தார். மாமா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் பாடினார்.

கொஞ்ச நேரத்தில் ஒற்றையடிப் பாதை வழியாகப் பனியைக் கிழித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். முதலில் பிள்ளைகள் ஓட்டமாக. அப்புறம் பெரியவர்கள். கம்பில் தொங்கவிட்ட சோற்று அண்டாவை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். குழம்பு, பெஞ்சு, பாய், ஒன்றையும் விடவில்லை. அந்த அக்கா மூச்சு வாங்க வந்து இடுப்பில் கை வைத்து நின்றது.

"ஏண்ணே, காலைலருந்து பள்ளியில காத்துக் கெடக்கோம். நீங்க இங்க என்ன செய்றீக?"

"பள்ளின்னுதானே சொன்ன? பள்ளிக்கூடம் இதுதானே ஆத்தா?" என்றார் மாமா, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அதற்கு எழுந்த சிரிப்பில் டிரம் தோற்றது. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "இவனுக்குப் பள்ளிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வித்தியாசம் தெரியல!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். கேலி அந்த நிமிஷத்தில் பிறந்தது. இனி அண்டாவையும் பெஞ்சையும் யார் திருப்பிச் சுமப்பது, இங்கேயே நடக்கட்டும் என்று கூட்டம் தீர்மானித்தது. இருட்டும்வரை வாசித்தார்கள். மாமா மறந்த வரிகளை ஜனங்கள் எடுத்துக்கொடுத்தார்கள். தப்பாகப் பாடிய ஒரு வரியைத் திருத்தவும் செய்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தபோதெல்லாம் அப்பா மைக்கில், "அடிங்க, இங்கன காரை கெடையாது!" என்று கத்தினார். அதிகம் பேசாத என் அப்பாவா என்று எனக்கு ஆச்சரியம்.

ராசிங்காபுரம் பேச்சு அதன்பின் எழவே இல்லை. வருஷா வருஷம் அப்பாதான் முதல் ஆளாக ஜீப்பில் ஏறினார். அதே முற்றம், அதே அண்டா. எனக்குத்தான் வாய்க்கவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும், பெரிய பெண்ணுக்கு ஜீப்பில் மைக்செட்டோடு என்ன வேலை என்று நிறுத்திவிட்டார்கள்.

காலேஜ் முடித்து வந்த வருஷம் அடம்பிடித்து மறுபடி போனேன். அந்தச் சனிக்கிழமை பனியே இல்லை, பளிச்சென்று வெயில். முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, கைநீட்டினால் தொடலாம் போல வெள்ளை அடித்த சின்னப் பள்ளி. அதன் உச்சியில் இரும்புக் குழாயில் செய்த ஆள் உயரச் சிலுவை. மாமா அறுத்துப் பற்றவைத்தது. ஒன்பது வயதில் நான் பட்டறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதே சிலுவை. அதை மேலே ஏறி நட்டது யார் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். "ஒங்க மாமாவும் டிரைவர் அண்ணனுந்தான். வேற ஆரு?" என்றது.

குழாய் ஸ்பீக்கர் இரண்டும் வழக்கம்போல அந்தப் பக்கம் பார்த்தே கட்டியிருந்தன. அப்பா வியர்க்க வியர்க்க பேஸுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அதே இடத்தில் நின்றவர் கண்ணில் எதிரே இருப்பது படாமலா இருக்கும்? அதை அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. எந்தக் கோயில் வாசலையும் டிரம் தாண்டவில்லை.

மாமாவிடம் போய் நின்றேன். "மாமா, அன்னிக்கு அந்த அக்கா பள்ளின்னு சொன்னது ஒங்களுக்கு நெசமாவே வெளங்கலையா?"

மாமா கம்பியை முறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், சுத்தமான மலையாளத்தில் சொன்னார்: "எனிக்கு மலையாளம் அறியில்ல, மோளே."