பர்மனென்ட் ஆவதற்கு முன்னால் பேசியவள்

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கை தட்ட மாட்டார்கள். யாராவது பேசி முடித்தால், விரல் முட்டியை மடக்கி முன்னால் இருக்கிற மேஜையைத் தட்டுவார்கள். அதுதான் இங்கே பாராட்டு. இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அன்றைக்கு என் நெஞ்சு அத்தனை பாடுபட்டிருக்காது. ஜெர்மனிக்கு மகள் வீட்டோடு வந்து சேர்ந்த புதிதில், அவள் பேசுகிற கூட்டம் என்று நானும் என் மனைவி அஞ்சலையும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். செல்வி திரையில் கோடு கோடாக எதையோ காட்டிப் பேசினாள். பாஷை புரியவில்லை. நடுவில் முன் வரிசையில் இருந்த நரைத்த தலைக்காரர் பக்கம் கையை நீட்டி ஏதோ சொன்னாள். அவருக்கு முகம் சிவந்துபோனது. அவள் முடித்ததுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் தடதடவென்று மேஜையை இடித்தது. "எழுந்திரு அஞ்சலை, புள்ளைய அடிக்க வரானுங்க" என்று செருப்பைத் தேடினேன். "குந்துய்யா. எல்லாம் சிரிச்சிகினுதான இருக்கறாங்க" என்றாள் அவள்.

வீட்டுக்கு வரும்போது டிராமில் செல்வி விளக்கினாள். இதுவும் நம் நெய்வேலி போல நிலக்கரி வெட்டுகிற சீமை. சுரங்கத்தை மூடிய பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணீரை நிறைத்து ஏரியாக்குகிறார்கள். எத்தனை வருஷத்தில் நிறையும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அந்த நரைத்த தலைக்காரர், யூர்கன். இவளுடைய துறைத் தலைவர். இவள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அதுவே எனக்குக் கூச்சம். அவர் கணக்கு தப்பு, ஏரி நிறைய இன்னும் வெகுகாலம் ஆகும் என்று அவரை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். இவளைப் பர்மனென்ட் ஆக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கமிட்டியில் அவரும் இருக்கிறார் என்றாள்.

பர்மனென்ட் என்ற சொல்லின் எடை நெய்வேலி டவுன்ஷிப்பில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பெண் கேட்டு வருகிறவர்கள் பையனின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "கான்ட்ராக்டா, பர்மனென்ட்டா?" என்று கேட்பார்கள். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கிற பம்ப் பகுதியில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். நம் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் எந்நேரமும் மேலே முட்டிக்கொண்டே இருக்கும், இறைப்பதை நிறுத்த முடியாது. பர்மனென்ட் ஆகிற வரைக்கும் நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரும் மிரட்டவில்லை. பயம் என் சொந்தச் சரக்கு. பர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் வந்து, வாசலில் முருங்கை காய்த்த பிறகும் பேசவில்லை. அதைத்தான் டிராமில் அவளுக்கும் சொன்னேன். "பர்மனென்ட் ஆவற வரைக்கும் வாயத் தொறக்காதம்மா." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அதுவரைக்கும் மூடிக்கினு இருந்த வாய் அப்புறம் தொறக்குமாப்பா?"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தால், மறுநாள் ஒரு வீட்டிலிருந்து பலாப்பழம் போகும். வாங்கிக்கொண்டால் சண்டை தீர்ந்தது. யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்பு என்று அதற்குமேல் ஒருத்தரும் கிளற மாட்டார்கள். அஞ்சலையின் பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர், அங்கே பலாப்பழத்துக்கா பஞ்சம்? அதனால் எங்கள் குவார்ட்டர்ஸ் ப்ளாக்கில் எந்தச் சண்டையும் ஒரு வாரம் தாண்டியதில்லை. பலாப்பழம் ஜெர்மனிக்கு விமானம் ஏறாது. ஆனால் பண்ருட்டி முந்திரி ஒரு பாக்கெட் அலமாரியில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு யூர்கனின் அறைக்குப் போனேன்.

ஷிப்டில் கற்ற இங்கிலீஷ்தான் துணை. "சார், மை டாட்டர் ஸ்மால் கேர்ள். மிஸ்டேக். சாரி சார்" என்று பாக்கெட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் கோபப்படுவார், அல்லது சிரித்துத் தோளில் தட்டுவார் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் கட்டுரையை எடுத்து விரித்தார். "மிஸ்டேக்? வேர்?" என்று ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக் கேட்டார். எங்கே என்று நான் சொல்ல? மன்னிப்புக் கேட்டால் போதும் என்று வந்தவன் நான். மன்னிப்பு என்றால் எந்த எண்ணில் பிசகு என்று காட்ட வேண்டும் என்று நினைப்பவர் அவர். பயத்தில் அவர் தொட்ட இடத்துக்கெல்லாம் "எஸ் சார்" என்று தலையாட்டிவிட்டேன். அவர் உடனே செல்விக்குப் போன் போட்டார்.

மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவர் கேட்கக் கேட்க அவள் காது மடல் சிவந்தது. பிறகு முந்திரிப் பாக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். அவருக்குப் பலாப்பழ வழக்கத்தையே விளக்கினாள் போலிருக்கிறது, அவரும் சிரித்தார். ஆனால் பாக்கெட்டை என் பக்கமே தள்ளிவிட்டார். கமிட்டி முடிகிற வரைக்கும் வாங்கக் கூடாதாம்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றேன்.

"இப்பவும் அவர் கணக்குதான் சரின்னு நம்புறாராம். என்னை மறுத்து எழுதப் போறாராம். ஆனா நான் எழுதக் கூடாதுன்னு சொல்ற உரிமை அவருக்குக் கிடையாதாம்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கும் கிடையாதாம்ப்பா" என்றாள்.

வீட்டில் அஞ்சலை விடவில்லை. "நீ எதுக்குய்யா நடுவுல போன? அவ உன் பொண்ணு மட்டுமா, அங்க வாத்தியாரு!"

இதைக் கல்விச் சுதந்திரம் என்கிறார்கள். இந்த நாட்டுச் சட்டத்திலேயே, ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் சுதந்திரம் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். வாய்க்கு வந்ததைப் பேசுவதுதானே என்று முதலில் நினைத்தேன். இல்லை என்றாள் செல்வி. அளந்ததைக் காட்ட வேண்டும், எப்படி அளந்தோம் என்று சொல்ல வேண்டும், யார் வேண்டுமானாலும் அதை உடைக்க வரலாம், வந்தால் நின்று பதில் சொல்ல வேண்டும். மாணவர்களும் இவளை எதிர்த்துக் கேட்கலாம், கேட்டதற்காக மார்க் குறையக் கூடாது. ஆராய்ச்சியில் எதைக் கேட்பது, என்ன பதில் கிடைத்தது என்பதை வேலை கொடுத்தவரோ பணம் கொடுத்தவரோ தீர்மானிக்கக் கூடாது. அதற்காகத்தான் பர்மனென்ட். நானோ பர்மனென்ட்டை நிம்மதியாகத் தூங்குவதற்கான வழி என்று மட்டும் நினைத்திருந்தேன். இங்கேயும் எல்லாரும் துணிச்சல்காரர்கள் இல்லை, கான்ட்ராக்டில் இருக்கிற பிள்ளைகள் பயப்படத்தான் செய்கிறார்கள் என்று செல்வியே சொல்கிறாள். அதனால்தான் எனக்குப் பெருமை இரண்டு மடங்கு. பயப்பட வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு பேசியிருக்கிறாள். நம் ப்ளாக்கிலிருந்து மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகளும் வழிகாட்டிப் பேராசிரியரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். பெற்றவர்கள் பலாப்பழம் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகாமல் இருக்க வேண்டும்.

அவள் பர்மனென்ட் ஆகிவிட்டாள். கமிட்டியில் அவளுக்காக அதிகம் வாதாடியவர் யூர்கன்தானாம். சொன்னபடியே அவளை மறுத்தும் கூட்டம் போட்டுப் பேசினார். அன்றைக்கும் கடைசி வரிசையில் இருந்தேன். செல்வி முன் வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும், என் மகள் சொன்னது தப்பு என்று சொன்ன அந்த மனிதருக்காக, முட்டி வலிக்க மேஜையைத் தட்டினேன்.

பிறகு எல்லாரும் அந்தச் சுரங்கப் பள்ளத்தின் விளிம்புக்குப் போனோம். யூர்கன் இப்போது முந்திரியைத் தயங்காமல் வாங்கிக் கொறித்தார், கொறித்துக்கொண்டே செல்வியோடு சண்டை பிடித்தார். அடியில், வெகு தூரத்தில், வானத்தின் துண்டு ஒன்று விழுந்து கிடப்பதுபோலத் தண்ணீர். அப்பன் ஆயுசு முழுக்க அங்கே தண்ணீரை வெளியேற்றினான், இங்கே அது எப்போது திரும்பி வரும் என்று மகள் கணக்குப் போடுகிறாள். அவள் கணக்கோ அவர் கணக்கோ, எது சரியானாலும் அந்த ஏரி தளும்புவதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். வேலிக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடினேன். ஒரு காதில் இங்கே தண்ணீர் ஊறி வருகிற மௌனம். மறு காதில் நெய்வேலி பம்ப்புகள் இன்னும் இறைத்துக்கொண்டிருந்தன.